ஐயாயிரத்து நானூறு ஷார்ட்

எங்கள் வங்கிக் கிளையின் ஸ்ட்ராங் ரூம் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று ஹெட் கேஷியரிடம், மற்றது அதிகாரியிடம். தனியாகப் போய் ஒருவராலும் திறக்க முடியாது. சேர்ந்த புதிதில், கூட வேலை பார்ப்பவரையே சந்தேகப்படும் ஆபீஸ் இது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷமே ஒரு மாலை என் கவுன்டரில் 500 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, பெயர் கெட்டுவிடுமே என்று பயம். சொந்தப் பணத்தை வைத்து டேலி ஆகிவிட்டதாகக் காட்டினேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நேத்து ஒரு தாள் கூடுதலா வந்துருச்சு" என்று நீட்டினார். என் கணக்கு சரி என்று முந்தின மாலை கையெழுத்துப் போட்ட ஹெட் கேஷியர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதுவரை நான் தரும் நோட்டுக் கட்டை ஒருமுறை எண்ணியவர், அன்றிலிருந்து பல மாதம் இரண்டு முறை எண்ணினார். திட்டியிருந்தால் தேவலை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் வங்கிக்கு விடுமுறை. 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. அதற்குள் நான் அதிகாரியாகியிருந்தேன். இரண்டாம் நாள் இரவு, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சார், எனக்கு 5,400 ஷார்ட்."

காலையிலிருந்து யாரும் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஆனாலும் ஒருவரும் பையை எடுக்கவில்லை. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது லெட்ஜர் காலத்துப் பாடம். 5,400 வகுபட்டது. அவளுடைய ஸ்லிப்புகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கணக்குப் பார்ப்பது அட்டெண்டர் அண்ணன் வேலையே இல்லை. அவர் கையில்தான் அது அகப்பட்டது. ஸ்லிப்பில் 8,200, கணினியில் 2,800. நாலு இரண்டாயிரம் தாளும் இரண்டு நூறும் சரியாகத்தான் கொடுத்திருந்தாள், தட்டும்போதுதான் தவறு. மணி பத்தரை. "ஏம்மா, இதுக்கா அழுத?" என்றார் அண்ணன். அவள் அழவே இல்லை. எனக்குத்தான் அந்தப் பழைய 500 ரூபாய் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது.

பின்னொரு பயிற்சி முகாமில், கூட வேலை பார்ப்பவரை நம்பப் பழகவென்று, கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொன்னார்கள். சாய்ந்தேன், பின்னால் நின்றவர் பிடித்தார். அவர் தரும் கட்டை எண்ணாமல் வாங்குவேனா என்றால், மாட்டேன்.

அந்தப் பெண்ணும் அப்படித்தான். பிறகு அவளே ஹெட் கேஷியராகி இன்னொரு சாவியை வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் இருவருமாகப் பெட்டகத்தைத் திறப்போம். நான் எடுத்துத் தரும் கட்டை என் முகத்துக்கு நேராகவே எண்ணுவாள். ஒரே ஒருமுறை.