அப்புச்சியின் குட்டை வண்டி

ஜூன் 9, 2024, ஞாயிறு

காங்கயத்துக்குத் தெற்கே அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தோட்டத்துச் சாளையில், சோளத்தட்டுக்கும் பழைய மருந்தடிக்கும் டப்பாவுக்கும் நடுவில் கிடந்த அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) வண்டியை இன்றுதான் வெளியே இழுத்தோம். ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 மோட்டார் சைக்கிள். ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் செய்தது. 1973-ல் வந்த ‘பாபி’ இந்திப் படத்தில் ரிஷி கபூர் ஓட்டியதால் இதற்குப் பாபி வண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் எங்கள் ஊரில் எப்போதும் ‘குட்டை வண்டி’தான். ஆறடி ஆளான அப்புச்சி இதில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கும். சீட்டுக்குள் எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. டேங்கின் உள்ளே துரு. நம்பர் பிளேட்டில் பழைய மூன்றெழுத்து நம்பர் இன்னும் படிக்க முடிகிறது.

ஜூன் 16

எஞ்சினைக் கழற்றினேன். செயின் அறுந்துதான் வண்டி நின்றது என்று மாமா சொல்லியிருந்தார், அது எவ்வளவு பெரிய சேதம் என்று இன்றுதான் பார்த்தேன். அறுந்த செயின் முன் ஸ்பிராக்கெட்டில் (பல்சக்கரம்) சுருண்டு, எஞ்சினின் வெளிக்கூடான கேசிங்கை உள்ளிருந்து உடைத்திருக்கிறது. விரிசல் பேரிங் உட்காரும் இடம் வரைக்கும் ஓடியிருக்கிறது. விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20

கேசிங்கை எடுத்துக்கொண்டு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, வெல்டிங் வெச்சுத் தந்தர்லாமுங். ஆனா சூட்டுல பேரிங் ஓட்டை கோணிக்கும். கிராங்க் நேரா சுத்தாதுங். நாலு மாசத்துல மறுக்கா வருவீங்க.” காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. அவர் மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. சிலிண்டரைக் கடைகிற போரிங் வேலையையும் இவரிடமே கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

மாற்று எஞ்சின்தான் வழி. நல்லவேளை, இந்தக் குட்டை வண்டியும் பால்காரர்கள் கேன் கட்டி ஓட்டிய சாதா ராஜ்தூத்தும் ஒரே எஞ்சின் குடும்பம்: 173 சி.சி., டூ ஸ்ட்ரோக், மூன்று கியர், போலந்து நாட்டு எஸ்.எச்.எல். எம்11 வண்டியின் வழியில் வந்தது. இதில் ஜப்பான் எஞ்சின் ஏதாவது வைத்து ‘பிக்கப்’ ஏற்றச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். என்னால் முடியாது. ஃபிரேமை அறுத்து வேறு எஞ்சின் வைத்தால் அது அப்புச்சி வண்டி இல்லை.

ஜூன் 30

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓடாத ராஜ்தூத் முழு வண்டியாகவே கிடைத்தது. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, எஞ்சின் நம்பர் தேயாமல் இருக்கிறது, விற்றவரிடம் கையெழுத்துப் போட்டு எழுதியும் வாங்கிவிட்டேன். உக்கடத்தில் தனி எஞ்சின் இதைவிட மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் பேப்பர் இல்லாத எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜூலை 7

மாற்று எஞ்சினுக்குச் சிலிண்டர் போர் அடித்து வந்துவிட்டது. 0.50 மி.மீ. ஓவர் சைஸ் பிஸ்டன், அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் பெரியவர் 3 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) இடைவெளி விட்டிருக்கிறார். “காத்துல ஆறுற எஞ்சினுங், இறுக்கமா வெச்சா புடிச்சுக்கும்” என்றார். பிஸ்டன் பள்ளத்தில் ரிங்குக்கு ஒரு சின்ன ஊசி உண்டு, ரிங்கின் வாய் அதில்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிப்போய் சிலிண்டர் போர்ட்டில் மாட்டி உடையும். மூன்று முறை சரிபார்த்துத்தான் சிலிண்டரை இறக்கினேன்.

ஜூலை 14

பெயின்ட். ஆடிக்காற்று முன்கூட்டியே வந்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எங்கள் காட்டுப் புழுதியை எல்லாம் அள்ளி டேங்கில் ஒட்டிவிட்டது. தேய்த்துவிட்டு வெடியால நாலரைக்கு எழுந்து, காற்று கிளம்பும் முன் மறுபடி அடித்தேன். இப்போது பரவாயில்லை.

ஜூலை 21

எஞ்சினை ஃபிரேமில் ஏற்றினோம். மாமா ஒரு பக்கம் தூக்க, நான் போல்ட்டைக் கோத்தேன். பின் போல்ட்டில் மட்டும் ஒரு வாஷர் கனத்துக்கு இடைவெளி இருந்தது, புஷ் கடைந்து போட்டாயிற்று. தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. பெட்ரோலில் லிட்டருக்கு 50 மில்லி 2டி ஆயில், புது பிஸ்டன் பழகும் வரைக்கும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

ஏழாவது உதையில் பிடித்தது. நான் கத்திய கத்தலில் தொண்டுப்பட்டியில் மாடெல்லாம் எழுந்துவிட்டது. ஆனால் அரை நிமிடத்தில் ரேஸ் (எஞ்சின் சுற்றும் வேகம்) தானாக ஏற ஆரம்பித்தது, ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டும் இறங்கவில்லை. பதறிப்போய் சாவியை அணைத்தேன்.

ஜூலை 24

மூன்று ராத்திரி இதே யோசனை. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் இல்லை. கடைசியில் மேக்னெட்டோ மூடியைத் திறந்து ஃப்ளைவீலை இழுத்தால் பின்னால் எல்லாம் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கிராங்க் ஆயில் சீல், சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கிற வளையம்! டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது, அந்த சீல் கசிந்தால் வேண்டாத காற்று உள்ளே போய்விடும். காற்று கூடினால் பெட்ரோல் குறைந்த கலவை, ரேஸ் ஏறும், சூடேறும், இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தால் புது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருக்கும். ஒரு கடையில் இதுதான் அளவு என்று கொடுத்ததை நானும் அளக்காமல் போட்டுவிட்டேன். வெளிவிட்டம் ஒரு மயிரிழை குறைவு. சரியான சீலைத் தேடி வாங்கிப் போட்டதும் வண்டி டுப் டுப் டுப் என்று நிதானமாக நின்று பேசுகிறது.

ஜூலை 29

ஆர்.டி.ஓ. ஆபீஸ். எஞ்சின் மாற்றினால் 14 நாளைக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி ஏற்கெனவே அம்மிச்சி பேருக்கு மாறியிருந்ததால் அவரையே கையெழுத்துப் போடக் கூட்டிப்போனேன். ரெனிவலும் பாக்கி இருக்கிறது. வண்டியைக் காட்டத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதுவரை ரோட்டில் இறக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, தூரி நோம்பி (ஆடிப்பெருக்கு)

பிள்ளைகள் எல்லாம் வேப்ப மரத்துத் தூரியில் (ஊஞ்சல்). நான் இட்டேரியில் (காட்டு வேலிகளுக்கு நடுவிலான மண் தடம்) நாலு நடை ஓட்டினேன், இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காப்பித்தூள் நிறம், கலவை சரியாக எரிகிறது என்று அர்த்தம். இதற்குத்தான் இரண்டு மாதம்.

அம்மிச்சி திண்ணையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்புச்சி ஓட்டறப்ப இத்தன பொகை வராதே கண்ணு?”

ஆயில் கூடப் போட்டிருக்கிறேன் அம்மிச்சி, 500 கிலோமீட்டர் ஓடட்டும், குறைத்துவிடலாம் என்றேன். அப்புறம் உடைந்த பழைய எஞ்சினைத் துடைத்து, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி அட்டாலியில் ஏற்றி வைத்தேன். எடைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தார், கொடுக்கவில்லை, அந்த நம்பர் இந்த வண்டியோடுதான் இருக்க வேண்டும்.

பெட்ரோல் டேப் சொட்டுகிறது. இப்போதைக்கு அடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், திங்கள்கிழமை வாஷர் வாங்க வேண்டும்.