தீப்பெட்டிப் பொன்வண்டும் சவுத் லானோ ஆறும்

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை. மகனைப் பள்ளியிலிருந்து அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு, சான் அன்டோனியோவிலிருந்து ஐ-10 சாலையில் மேற்கே கிளம்பினேன். கெர்வில் தாண்டினால் வேக வரம்பு 80 மைல். சாலைக்காகக் குன்றை வெட்டிய இடங்களில் சுண்ணாம்புப் பாறை இட்லித் தட்டு அடுக்கினாற்போல் வரிவரியாகத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் ஜங்ஷன். ஊரின் பெயரே அதுதான். லானோ ஆற்றின் வடக்குக் கிளையும் தெற்குக் கிளையும் அங்கேதான் கூடுகின்றன. நாங்கள் கூடாரம் போட்டது தெற்குக் கிளைக் கரையில், சவுத் லானோ ரிவர் மாநிலப் பூங்காவில்.

டெக்சஸ் வெயிலில் எத்தனையோ ஓடைகள் காய்ந்து கிடக்கும். இந்த ஆறு ஊற்றுத் தண்ணீர். இடுப்பளவு ஆழத்திலும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். கரை நெடுகப் பெரிய பெரிய பீக்கன் மரங்கள். குளிர்காலத்தில் காட்டு வான்கோழிகள் கூட்டமாக வந்து அவற்றில்தான் அடையும். அவற்றைத் தொந்தரவு செய்யாமலிருக்க அந்தப் பகுதியையே மூடிவிடுவார்கள்.

நான் வந்தது ஒரு குட்டித் தூண்டிலைப் போட்டு மீன் பிடிக்க. ஸ்பின்னர்பெய்ட் என்பார்கள். சேலைக்குக் குத்துகிற ஊக்கைத் திறந்து பிடித்தால் எப்படி இருக்கும், அந்த வடிவம்தான். கம்பியின் மேல் கையில் சின்னதாக ஒரு உலோகத் தகடு, இழுத்தால் சுழலும். கீழ்க் கையில் ஈயத் தலையோடு ஒரு முள், அதன்மேல் ரப்பர் போன்ற மென்மையான ஒரு புழு. முள் மேல்நோக்கி இருப்பதாலும், கம்பி அதற்கு முன்னால் வருவதாலும், பாசியிலும் விழுந்த கிளைகளிலும் அவ்வளவாகச் சிக்காது. இதில் மிகவும் பேர்பெற்றது பீட்டில் ஸ்பின். மிசௌரி மாநிலத்து வர்ஜில் வார்டின் பாஸ் பஸ்டர் கம்பெனி கொண்டுவந்தது. பீட்டில் என்றால் வண்டு. எங்கள் வீட்டில் அதற்கு வண்டு என்றே பெயராகிவிட்டது.

போன வருஷம் இதே ஆற்றில் ஒரு நாள் முழுக்க நின்று, ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பினேன். கடையில் பாஸ் மீன் என்று சொன்னதும் கனத்த கம்பும், 3/8 அவுன்ஸ் எடையில் பெரிய பெரிய தூண்டில்களும் எடுத்துக் கொடுத்தார்கள். ஏரியில் கிடக்கும் லார்ஜ்மவுத் பாஸுக்கு அது சரி. இங்கே ஓடுவது குவாடலூப் பாஸ். உலகத்தில் டெக்சஸைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன், 1989 முதல் மாநில மீன். இதில் பிடிபட்ட மிகப் பெரிய மீனே, 2014-இல், 3.71 பவுண்டுதான். ஓட்டத்தில் வாழ்ந்து பூச்சியும் சின்ன மீனும் தின்கிற மீனுக்கு முன்னால் சாவிக்கொத்து மாதிரி ஒன்றைப் போட்டால், ஒதுங்கித்தான் போகும்.

இந்த முறை ஐந்தரை அடியில் மிக லேசான கம்பு, 4 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, 1/16 அவுன்ஸ் வண்டு. கிராமில் சொன்னால் இரண்டுகூட வராது. கறுப்பில் மஞ்சள் கோடு போட்டது நான்கு, வெள்ளை இரண்டு. தகடு உருண்டையாக இருக்கிற கொலராடோ வகையைத்தான் வாங்கினேன். அது மெதுவாக இழுத்தாலும் சுழலும், தண்ணீரை நன்றாக உதைக்கும். இலை மாதிரி நீண்ட தகடு மின்னும், ஆனால் வேகமாக இழுக்க வேண்டும். மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் ஓடும் ஒரு கோடு இருக்கிறது, தண்ணீரின் அதிர்வை அதனால்தான் உணர்கிறது. நாம் தகட்டைச் சுழற்றுவது மீனின் கண்ணுக்காக மட்டுமில்லை.

வெள்ளி சாயங்காலம் கரையில் நின்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்குப் பத்து வயது.

"எவ்ளோ வேகமா சுத்தணும்மா?"

"தகடு சுத்தற அளவுக்குக் கொஞ்சம்தான்டா. அதுக்கு மேல வேண்டாம்."

"சுத்துதான்னு எப்படித் தெரியும்?"

இதற்குத்தான் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஆள்காட்டி விரலை ரீலுக்கு முன்னால் நரம்பின்மேல் லேசாக வைக்க வேண்டும். சின்ன வயதில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, கருவேல இலை இரண்டு வைத்து மூடுவோமே, பெட்டியைக் கையில் பிடித்தால் உள்ளே ஒரு குறுகுறுப்பு தெரியுமே, அதேதான் நரம்பில் வரும். அந்தக் குறுகுறுப்பு இருந்தால் தகடு சுழல்கிறது. கனத்து மந்தமானால் பாசி. சட்டென்று நின்றால் மீன். சின்னத் தூண்டிலில் மீன் பல நேரம் வெடுக்கென்று இழுப்பதில்லை. பின்னாலேயே வந்து வாயில் வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் முன்னே நீந்தும். தகடு நின்றுபோகும், அவ்வளவுதான் சேதி. நான் போன வருஷம் இழுப்புக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன்.

அவனுக்குப் பொன்வண்டு தெரியாது. விரலைப் பிடித்து நரம்பின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. "உயிரோட இருக்கும்மா" என்றான்.

முதலில் வந்ததெல்லாம் பான்ஃபிஷ், வாணலிக்குள் அடங்குகிற சின்ன மீன்கள். நீர் அரித்துக் குடைந்த கரையோரம், ஓட்டம் தணிந்த இடத்தில் ரெட்பிரெஸ்ட் வரிசையாக நின்றது. வயிறு பழுத்த மிளகாய் நிறம், செவுளுக்குப் பின்னால் நீளமாகக் கறுப்பு மடல். உள்ளங்கை அகல மீன், ஆனால் உடம்பைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு வட்டம் போடும்போது கம்பு வில்லாகிவிடும். இடையில் ஒரு லாங்இயர். ஆரஞ்சு உடம்பில் மயில்கழுத்து நிறத்தில் வளைந்து வளைந்து கோடுகள். ஈரக் கையில் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம், பிறகு விட்டுவிட்டோம். கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது. மேலிருக்கிற வழவழப்பு போய்விட்டால் அதற்கு நோய் வரும்.

இருட்டும் நேரம் ரியோ கிராண்ட் சிக்லிட் ஒன்று. சாம்பல் உடம்பு முழுக்க நீலப் புள்ளி, எண்ணெய்க் குளியல் முடித்த மாதிரி பளபளப்பு. அமெரிக்காவின் சொந்த மண்ணில் இந்தக் குடும்பத்து மீன் இது ஒன்றுதான். நம் ஏரிகளில் வந்து நிறைந்துவிட்ட ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தக்காரன். முதுகு முள்ளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, குத்துபடாமல் பிடித்தேன்.

ரெட்பிரெஸ்ட் நான்கை மட்டும் வைத்துக்கொண்டோம். செதில் சுரண்டி, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை. இரும்புச் சட்டியில் வால் மொறுமொறுக்கும் வரை. சதை வெள்ளை, சேற்று வாடை கொஞ்சமும் இல்லை. பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் கேட்பதில்லை. வெளியே ஆற்றில் இறங்குவதானால் பெரியவர்களுக்கு வேண்டும், 17 வயதுக்குக் கீழே வேண்டாம்.

காலை ஆறரைக்குப் பாறைத் திட்டுக்கு நடந்தோம். அங்கே ஓட்டம் ஒரு கல்லில் மோதிப் பிரிந்து, கல்லுக்குப் பின்னால் தண்ணீர் மெல்லச் சுற்றும். குவாடலூப் பாஸ் அந்தச் சுழலின் ஓரத்தில் நின்றுகொண்டு, ஓட்டத்தில் வருவதை எட்டிப் பிடிக்கும். ஓட்டத்துக்கு நேர் எதிரே வீசினால் தண்ணீரே வண்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும், தகடு சுழலாது. குறுக்கே, கொஞ்சம் ஓட்டத்தின் மேல்பக்கமாக வீசி, கல்லைத் தாண்டும்வரை நரம்பைத் தொய்யவிடாமல் கொண்டுவர வேண்டும். மகன் ஏழெட்டு முறை வீசினான். இரண்டு முறை பாசி.

"அம்மா, நின்னு போச்சு."

"தூக்குடா!"

தூக்கினான். மீன் நேராக ஓட்டத்துக்குள் பாய்ந்தது. ரீல் கரகரவென்று நரம்பை விட்டுக்கொடுத்தது. வாங்கிக்கொள்ள நீண்ட என் கையை அவன் முழங்கையால் தள்ளினான். கம்பைக் கரைப்பக்கம் சாய்க்கச் சொன்னதோடு நான் நிறுத்திக்கொண்டேன். இரண்டு முறை துள்ளியது. வந்தபோது பார்த்தால் ஒரு சாண்தான். பச்சை உடம்பில் பக்கவாட்டு நெடுக வைரக்கட்டம், வாய்மூலை கண்ணைத் தாண்டவில்லை. லார்ஜ்மவுத்தானால் தாண்டியிருக்கும். 1970களில் வெளியிலிருந்து ஸ்மால்மவுத் பாஸைக் கொண்டுவந்து டெக்சஸ் ஆறுகளில் விட்டார்கள். இரண்டும் கலந்து, இந்த மீன் சில ஆறுகளில் கலப்பில்லாமல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பிறகு குவாடலூப் குஞ்சுகளையே வளர்த்து விட்டு மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். சட்டிக்கு ஆசைப்படக் கூடாத மீன். ஒற்றை முள்தான், அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை இடுக்கியால் முன்பே நசுக்கியிருந்தேன், ஒரு திருப்பில் கழன்றது. அவன் அதை ஓட்டத்துக்கு எதிரே தலை வைத்துப் பிடித்திருந்தான். விரலிடையில் தானாக நழுவிப் போனது.

தலைக்கு மேலே, நான் கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில், மரக்கிளையில் காய்ந்த சருகும் கட்டையும் சிக்கியிருந்தன. வெள்ளம் விட்டுப்போனது. 2018 அக்டோபரில் வந்த வெள்ளத்தில், ஆறு ஓடும் திசையில் கீழே இருக்கிற கிங்ஸ்லண்ட் ஊரில் ஆற்றுப்பாலமே பெயர்ந்து விழுந்தது. மேற்கே மழை என்று தெரிந்தால் இந்த ஆற்றோரம் இரவு தங்காதீர்கள். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் தங்காதீர்கள்.

ஆறு வண்டில் கடைசியாக மிஞ்சியது ஒன்று. ரெட்பிரெஸ்ட் கடித்துக் கடித்து வால் பாதி போய், மஞ்சள் கோடு குட்டையாகிவிட்டது. மாற்றலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். பதினொரு மணிவரை அதிலேயே இன்னும் மூன்று மீன் பிடித்தான். மூன்று முறையும் நரம்பு இழுபடுவதற்கு முன்னாலேயே கம்பைத் தூக்கிவிட்டான்.