ரஹீம் சாகிப் எடுத்த இரண்டு முடிவுகள்

1983 ஜூன் 25 என்ன நாள் என்று கேட்டால், கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற நாள் என்று நம் விளையாட்டு ரசிகர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். 1962 செப்டம்பர் 4 என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மௌனம்தான் மிஞ்சும். ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியில், தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கம் பெற்ற நாள் அது. 1951இல் டெல்லியில் வென்றதற்கு அடுத்து நமக்குக் கிடைத்த இரண்டாவது தங்கம். கடைசித் தங்கமும் அதுவே. செப்டம்பர் பிறந்தாலே அந்தத் தொடரை ஆட்டம் ஆட்டமாக மனத்தில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

தொடக்கம் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் இதே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், அணியின் தூணாக நின்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தோம்.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அப்போது எடுத்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த அவர், தம் ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் அவ்வளவு நுணுக்கமாக அறிந்து வைத்திருந்தார். தலையில் கட்டுடன் இருப்பவரைத் தடுப்பு வரிசையில் நிறுத்துவது ஆபத்து. வெளியே உட்கார வைக்கவும் மனமில்லை. கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பதை நினைவில் கொண்டு, அவரையே சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவராக, இறக்கினார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் ஒரு கோலும் அடிக்க, 3-2 என்று வென்றோம்.

இரண்டாவது முடிவு கோல்கீப்பரைப் பற்றியது. அதுவரை கோலைக் காத்துவந்த பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடியிருந்தார். ஆனால் தென்கொரியர்கள் உயரப் பந்துகளில் வல்லவர்கள் என்பதால், காய்ச்சலில் படுத்து எழுந்திருந்த, ஆறடிக்கு மேல் உயரமான பீட்டர் தங்கராஜை ரஹீம் தேர்ந்தெடுத்தார். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள ராணுவ மையமான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரின் அணிக்காக ஆடி, 1955இலும் 1958இலும் இந்தியாவின் பழமையான கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை வென்றவர் தங்கராஜ்.

இறுதி ஆட்டத்தன்று செனயான் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அநேகமாக எல்லோரும் நமக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்ததால் மூண்ட கோபம் அது. முந்தைய நாள் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டிருந்தது. நம் தேசிய கீதத்தின்போதும் கூச்சல் அடங்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்றே நிமிடங்களில் இரண்டாவது கோல் விழுந்தது. அடித்தவர் ஜர்னைல் சிங். ஆட்டம் முடியும் தறுவாயில் தென்கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை.

இடது பக்கம் ஆடிய துளசிதாஸ் பலராமையும் சொல்லாமல் இருக்க முடியாது. செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நுரையீரல் நோயால் அடுத்த ஆண்டே, இருபத்தாறு இருபத்தேழு வயதில், ஆட்டத்தை விட்டு விலகினார். 2023 பிப்ரவரியில் அவர் காலமானபோது, தமிழில் அவரைப் பற்றி விரிவாக யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்துத் தேடினேன். என் கண்ணில் பட்டவை சில வரிச் செய்திகள் மட்டுமே. அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை.

ரஹீமின் உடலை அப்போதே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு அவர் தம் பிள்ளைகளைப் போன்ற ஆட்டக்காரர்களிடம் ஒரு பரிசு கேட்டாராம், நாளைக்குத் தங்கம் வேண்டும் என்று. ஆட்டக்காரர்கள் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சாகிப் மறைந்தார்.