அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கடைசிப் பத்தியிலிருந்து படியுங்கள்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது, மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் இரண்டாம் பத்திதான். ஆனால் 1776-இல் பிலடெல்ஃபியாவில் கூடியிருந்த காங்கிரஸுக்கு, அதாவது வட அமெரிக்காவிலிருந்த பதின்மூன்று பிரிட்டிஷ் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபைக்கு, அவசரமாகத் தேவைப்பட்டது கடைசிப் பத்தி. சுமார் 1,300 சொற்கள் கொண்ட அந்த ஆவணத்தை முடிவிலிருந்து படித்தால், முன்னால் உள்ளவை எதற்காக எழுதப்பட்டன என்பது விளங்கும்.

கடைசிப் பத்தி சொல்வது இது: இந்தக் குடியேற்றங்கள் இனி சுதந்திர நாடுகள், பிரிட்டிஷ் முடியாட்சிக்கு அவை கட்டுப்பட்டவை அல்ல, போர் தொடுக்க, சமாதானம் செய்ய, கூட்டணி அமைக்க, வணிகம் நடத்த அவற்றுக்கு முழு அதிகாரம் உண்டு. இதன் மைய வாசகம் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் எழுதியது அல்ல. ஜூன் 7 அன்று வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தில் மூன்று பகுதிகள்: விடுதலை, வெளிநாட்டுக் கூட்டணி, குடியேற்றங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு. நடுவில் இருப்பதுதான் முடிச்சு. போர் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. வெடிமருந்தும் பணமும் கடற்படையும் வேண்டும். அவற்றைத் தரக்கூடியது பிரான்ஸ். ஆனால் தன் அரசனை எதிர்த்துக் கலகம் செய்யும் குடிமக்களோடு வேறொரு அரசன் வெளிப்படையாக உடன்படிக்கை செய்யமாட்டான். நாடு என்று அறிவித்துக்கொண்டால்தான் பேச்சே தொடங்கும். அந்த உடன்படிக்கை 1778 பிப்ரவரியில் கையெழுத்தானது.

சமரசத்துக்கான வழிகளை லண்டனே ஒவ்வொன்றாக அடைத்திருந்தது. 1775 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ், குடியேற்றங்கள் கலகத்தில் இருப்பதாக அறிவித்தார். டிசம்பரில் வந்த சட்டம் அவற்றின் வணிகத்தைத் தடைசெய்து, கப்பல்களைப் பறிமுதல் செய்ய வழிவிட்டது. அடுத்து ஜெர்மன் கூலிப்படைகள் வருகின்றன என்ற செய்தி. இதற்கிடையே 1776 ஜனவரியில் தாமஸ் பெய்னின் சிறுநூல், முடியாட்சி என்ற ஏற்பாடே தவறு என்று எளிய மொழியில் வாதாடி, தயங்கிய பலரை நகர்த்தியது.

ஜூன் 11 அன்று ஐவர் குழு அமைந்தது: ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன். வரைவை எழுதியவர் ஜெஃபர்சன். விடுதலைக்கான வாக்கெடுப்பு ஜூலை 2. பன்னிரண்டு குடியேற்றங்கள் ஆதரிக்க, நியூயார்க் ஒதுங்கி நின்றது. ஜூலை 4 என்பது அந்த முடிவுக்கான காரணங்களைச் சொல்லும் வாசகம் ஏற்கப்பட்ட நாள்தான். தோலில் எழுதப்பட்ட படியில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்று. ஜூலை 4 அன்றே அனைவரும் வரிசையாக நின்று கையெழுத்திட்டதாகப் பரவியிருக்கும் சித்திரம் தவறு.

இனி நடுப்பகுதி. பலர் தாவிச் செல்லும் இடம் இது. ஆவணத்தின் எலும்பு இதுதான் என்பேன். அரசன்மீது 27 குற்றச்சாட்டுகள் என்று எண்ணுவது வழக்கம். முதல் பன்னிரண்டும் அவர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம் பற்றியவை: சட்டங்களுக்கு ஒப்புதல் மறுத்தது, பிரதிநிதி சபைகளைக் கலைத்தது, நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டது. அடுத்த தொகுதி, ‘மற்றவர்களோடு சேர்ந்து’ செய்தவை: ஒப்புதல் இல்லாத வரி, ஜூரி விசாரணை மறுப்பு, படைகளைக் குடியிருத்தியது. கடைசி ஐந்தும் போர்க்குற்றங்கள்.

அந்த ‘மற்றவர்கள்’ யார்? பிரிட்டிஷ் பாராளுமன்றம். வரி விதித்தது அதுதான். ஆனாலும் ஆவணத்தில் அதன் பெயரே வராது. காரணம் சட்டவாதம். பாராளுமன்றத்துக்குத் தங்கள்மீது அதிகாரம் கிடையாது, அரசன் ஒருவரே தங்களைப் பிரிட்டனோடு இணைக்கும் கண்ணி என்ற நிலைப்பாட்டுக்குக் குடியேற்றத் தலைவர்கள் 1774 வாக்கில் வந்துவிட்டார்கள். அப்படியானால் அறுக்க வேண்டியதும் அந்த ஒரு கண்ணிதான். அதனால் குற்றம் முழுவதும் அரசன் தலையில்.

இந்த வடிவமும் இங்கிலாந்திலிருந்தே வந்தது. 1689-இன் ஆங்கிலேய உரிமைச் சட்டம் முதலில் அரசன் இரண்டாம் ஜேம்ஸின் குற்றங்களை அடுக்கிவிட்டுத்தான் உரிமைகளைப் பேசுகிறது. ஒப்புதலின்றிப் பணம் வசூலித்தது, அமைதிக் காலத்தில் நிலைப்படை வைத்தது என இரண்டு பட்டியல்களிலும் ஒத்த குற்றங்கள் உண்டு. அரசனைப் பதவியிலிருந்து இறக்க ஆங்கிலேயர் பயன்படுத்திய அதே முறையைக் குடியேற்றத்தார் அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

படிப்பவருக்கு ஒரு சிக்கல்: குற்றச்சாட்டுகளில் ஊரும் ஆண்டும் கிடையாது. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் லண்டனிலிருந்து எழுதிய மறுப்பில் இந்தத் தெளிவின்மையைச் சுட்டினார். எனவே பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு படிப்பது நல்லது. சபைகளைக் கலைத்தது என்றால் மாசசூசெட்ஸ் 1768, வர்ஜீனியா 1769. ஊர்களை எரித்தது என்றால் 1775 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை எரித்த ஃபால்மத் என்ற துறைமுக ஊர். அண்டை மாகாணத்தில் ஆங்கிலச் சட்டத்தை ஒழித்தது என்றால் 1774-இன் கியூபெக் சட்டம்.

இரண்டாம் பத்தியின் கருத்துகளும் புதியவை அல்ல. ஜெஃபர்சனே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார். மக்களின் ஒப்புதலால் அரசு, அது கெட்டால் மாற்றும் உரிமை என்பவை பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் வாதங்கள். உயிர், சுதந்திரம், மகிழ்ச்சி என்ற வரிசைக்கு மிக அருகில் இருப்பது அதே ஜூனில் வந்த வர்ஜீனியா உரிமைப் பிரகடனம். அதன் முதல் வரைவு ஜார்ஜ் மேசனுடையது. மேசன் சொத்துரிமையையும் சேர்த்திருந்தார். ஜெஃபர்சன் அதை விட்டுவிட்டு வாக்கியத்தைச் சுருக்கினார். அந்தச் சுருக்கம்தான் அதற்கு வலு.

காங்கிரஸ் வரைவில் ஏறக்குறைய கால்பங்கை வெட்டியது. பெரும்பாலான வெட்டுகளால் எழுத்து மேம்பட்டது. ஒரு வெட்டு மட்டும் வேறு வகை: அடிமை வணிகத்தை அரசன்மீது சுமத்திக் கண்டித்த நீண்ட பத்தி. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்ததாகவும், அந்த வணிகத்தில் ஈடுபட்ட வட பகுதியினருக்கும் அது உறுத்தியதாகவும் ஜெஃபர்சன் எழுதிவைத்தார். அவரோ தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பத்தி போயிற்று; அரசன் உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினான் என்ற வரி நின்றது. தம் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்ததையும் அந்த வரி குறிக்கிறது. பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று அழைக்கும் சொற்களும் அதே குற்றச்சாட்டில்தான் உள்ளன. இரண்டாம் பத்தியை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த வரியையும் படித்தே ஆகவேண்டும்.

பின்வந்தவர்கள் இதிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். 1848-இல் அமெரிக்காவின் செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாடு ‘ஆண்களும் பெண்களும்’ சமம் என்று திருத்தியது. அரசன் இருந்த இடத்தில் ஆண்வர்க்கத்தை நிறுத்தி அதே பாணியில் குற்றங்களை அடுக்கியது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாமின் விடுதலையை அறிவித்த ஹோ சி மின், அனைவரும் சமம் என்ற அந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டியே தொடங்கினார். 1930 ஜனவரி 26 அன்று இந்தியா முழுவதும் வாசிக்கப்பட்ட பூரண சுயராஜ்ய உறுதிமொழியிலும் இதே அமைப்பு உண்டு. முதலில், மக்களை ஒடுக்கும் அரசை மாற்றவோ ஒழிக்கவோ உள்ள உரிமை. அடுத்து குற்றப்பட்டியல்: ஒருவரின் சராசரி வருமானம் நாளுக்கு ஏழு பைசா, வரிப்பணத்தில் 20 சதவீதம் நிலவரி, ஏழையை அதிகம் அழுத்தும் உப்புவரி 3 சதவீதம். 1776-இன் பட்டியலில் இல்லாத எண்கள் இதில் இருந்தன. அதே ஆண்டு மார்ச்சில் தண்டி நோக்கிய நடை தொடங்கியபோது, முறிக்க எடுத்துக்கொண்ட சட்டமும் அந்தப் பட்டியலில் இருந்த உப்பைப் பற்றியதுதான்.