நம்ம ‘ரொம்ப’வும் ஸ்பானிஷும்: டெலே ஏ2 எழுதிய அனுபவம்

டெலே ஏ2 என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வுக்குப் படிக்கும்போது, நெல்லையப்பர் கோயிலைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். லார்ஜ் என்றால் லார்கோ என்று நானாகவே முடிவு கட்டி ‘தெம்ப்லோ லார்கோ’ என்று எழுதிவிட்டேன். “எத்தனை கிலோமீட்டர்?” என்றார் ஆன்லைன் ஆசிரியை. லார்கோ என்றால் நீளமாம். சங்கிலி மண்டபத்துக்குச் சொல்லலாம், தாமிரபரணிக்கும் சொல்லலாம். கோயிலுக்கு ‘பெரிய’ என்கிற கிராந்தேதான்.

அதிலிருந்து ஸ்பானிஷுக்கும் எனக்கும் நடுவே இங்கிலீஷை விடுவதில்லை. விட்டால், வெரி என்றால் முய், வெரி ஹங்ரி என்றால் ‘முய் ஆம்ப்ரே’ என்று கை தானாக எழுதும். தப்பு. ஆம்ப்ரே என்பது பசி, பெயர்ச்சொல். நாம் “எனக்கு ரொம்பப் பசி” என்கிறோமே, அந்தப் பசியும் பெயர்ச்சொல்தான். ஸ்பானிஷில் ‘தெங்கோ முச்சா ஆம்ப்ரே’. தாகம், பயம், தூக்கம் எல்லாம் இதே கணக்கு. பாளையங்கோட்டை சித்திரை வெயிலுக்கு ‘ஆசே முச்சோ காலோர்’. ஆக, ‘ரொம்ப’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் முச்சோ, அது ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மைக்குத் தக்கபடி மாறும். அழகான, இனிப்பான மாதிரி வந்தால் முய். அது எப்போதும் மாறாது.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. “அல்வா ரொம்ப இனிப்பு” என்றால் பாராட்டா, குறையா? நமக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். பரீட்சைத் தாளில் குரல் இல்லை. பாராட்டுக்கு முய், குறைக்கு தெமசியாதோ. “ஓவர்” என்று சொல்லிப் பார்ப்பேன், பொருந்தினால் தெமசியாதோ. “ஏட்டி, கொழம்புல உப்பு ரொம்ப” என்று ஆச்சி சொன்னால் ‘தெமசியாதா சால்’ (உப்பு அங்கே பெண்பால், அதனால் ‘தா’).

எனக்குப் பிடித்தது கிராந்தேதான். ஒருமைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கிரான் என்று சுருங்கும், பொருளும் மாறும். ‘கிரான் ஓம்ப்ரே’ நம்ம “பெரிய மனுஷன்”. ‘ஓம்ப்ரே கிராந்தே’ வெறுமனே “ஆள் பெருசு”. வரிசைகூட ஒன்றுபோல இருப்பதைப் பாருங்கள்!

தேர்வு நடத்துவது ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்தித்தூத்தோ செர்வாந்தெஸ். வாசிப்பும் எழுத்தும் ஒரு கட்டு, கேட்டலும் பேச்சும் இன்னொரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் 50க்கு 30 வேண்டும். ஒன்றில் அள்ளி மற்றதை நிரப்ப முடியாது. அதனால் எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்; முய்யும் முச்சோவும் மாறிப்போவது அங்கேதான்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். வீட்டில் யார் “ரொம்ப” சொன்னாலும் அதை எழுதி, பக்கத்தில் ஸ்பானிஷ். இரண்டே வாரத்தில் பாதி நோட்டு நிறைந்தது. நான் நோட்டோடு பின்னாலேயே அலைவதைப் பார்த்து ஆச்சி ஒருநாள், “ரொம்பத்தாம்ட்டி பண்ணுத!” என்றாள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் மட்டும் இன்னும் காலி.