வரப்புக்கு அந்தப் பக்கம்

விடியற்காலை இரண்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தால் ஊரில் யாரோ செத்துவிட்டார்கள், இல்லையென்றால் பனி கொட்டுகிறது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் நடைபாதைப் பனி வழிக்கும் வண்டி ஓட்டத் தொடங்கி ஆறு குளிர்காலம் ஆகிறது. ஒரு ஆள் மட்டும் உட்காரலாம். முன்னால் தகடு, பின்னால் உப்புப் பெட்டி. நடைபாதை ஒன்றரை மீற்றர் அகலம் என்றால் வண்டி அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் யாருடையவோ வேலி. கொங்கிறீற் பலகை ஒன்று அரை அங்குலம் தூக்கி நின்றாலும் தகடு அதில் மோதி நெஞ்சு ஸ்டியரிங்கில் இடிக்கும். முதல் வருடம் அந்த இடங்களை எல்லாம் உடம்பாலேயே பாடமாக்கினேன்.

உப்பைக் கொட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்புக்குச் சோம்பல் வந்துவிடும். அப்போது மணல்தான், அது உருக்காது, கால் வழுக்காமல் பிடிக்கும், அவ்வளவுதான். புதுப்பனி பஞ்சு மாதிரி, வழிப்பது சுலபம். பத்துப் பேர் மிதித்து, பகலில் கொஞ்சம் உருகி, இரவில் உறைந்துவிட்டால் அது கல். அதனால்தான் இந்த அவசரம்.

ஒன்ராறியோ மாகாண விதி அவ்வளவு அவசரப்படவில்லை. 2018இல்தான் நடைபாதைப் பனிக்கும் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள்: பனி நின்று 48 மணி நேரத்துக்குள், ஒரு மீற்றர் அகலத்துக்கு, பனியின் உயரம் 8 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. 8 சென்ரிமீற்றர் என்பது என் உள்ளங்கையின் அகலம். பூட்ஸ் போட்டவனுக்கு அது ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியின் முன் சில்லு அதற்குள் புதைந்து நின்றுவிடும்.

இரண்டாவது குளிர்காலம். என் பகுதியை முடித்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்பி வருகிறேன். தள்ளுவண்டியோடு ஒரு வயதான தமிழ் அம்மா, கார்கள் போகிற வீதியிலேயே நடந்து வருகிறார். வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

“அம்மா, ஏன் றோட்டில நடக்கிறியள்? இப்பதானே நடைபாதையை வழிச்சனான்.”

“நீங்கள் வழிச்சது வடிவாத்தான் இருக்குத் தம்பி. உள்ளுக்க ஏறுறது எப்பிடி?”

திரும்பிப் பார்த்தேன். நான் போன பிறகு வீதியை வழிக்கும் பெரிய வண்டி வந்து, மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புக் கட்டிவிட்டுப் போயிருந்தது. கடவைக்கு இறங்கும் சாய்வு அதற்குள் இருந்தது. பார்வையற்றவர்கள் கோலால் தட்டி வீதி வந்துவிட்டதென்று அறியும் புள்ளித் தகடும் அதற்குள்தான். வரப்பின் அந்தப் பக்கம் என் பாதை கோடு கீறியதுபோல் சுத்தமாகக் கிடந்தது.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். ஜிபிஎஸ் வரைபடத்தைக் காட்டினார். “உன் பாதை முழுக்கப் பச்சை, பிறகென்ன?” அவர் கெட்டவர் இல்லை. வீதி ஒரு குத்தகை, நடைபாதை இன்னொரு குத்தகை. மூலை எந்தப் பட்டியலிலும் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை என்று பிறகு ஒரு வழக்கில் தெரிந்துகொண்டேன். 2015 ஜனவரியில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நெல்சன் நகரில், கார் நிறுத்துமிடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே நகரசபையின் பனி வரப்பு. இடையில் வழி விடவில்லை. அதைத் தாண்டப்போன ஒரு பெண்ணுக்குக் காலில் பலத்த காயம். பனி அகற்றுவது கொள்கை முடிவு, அதற்காக எங்கள்மேல் வழக்குப் போட முடியாது என்பது நகரசபையின் வாதம். 2021இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், வழக்கைப் புதிதாக விசாரிக்கச் சொன்னது. அதைப் படித்தபோது அந்த அம்மாவின் தள்ளுவண்டிதான் கண்ணில் வந்தது.

இப்போது இருக்கைக்குப் பின்னால் ஒரு சவள் வைத்திருக்கிறேன். எல்லா மூலையையும் வெட்ட முடியாது. பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூடம், முதியோர் குடியிருப்பு, இந்த மூன்றும்தான். அதற்கே ஒரு மணி நேரம் பிந்தி ஏச்சு வாங்குவேன். சரி, வாங்கினால் போகட்டும்.

2025 பெப்ரவரியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் புயல் வந்தபோது, முதியோர் குடியிருப்பு மூலையை இருபது நிமிடம் வெட்டித் திறந்தேன். முதுகை நிமிர்த்தி மூச்சு விடுவதற்குள், தெருமுனையில் நீல விளக்குச் சுழல, பெரிய வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே வைக்கப்போன சவளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.