‘அ’ வுக்கு முதல் ‘ட’

விஜயதசமியன்று அரிசித் தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதி ஏடு தொடக்குவது நல்ல வழக்கம். அதை விடச் சொல்லவில்லை. பிழை அடுத்த நாள்தான் தொடங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோடு போட்ட கொப்பியும் நீட்டுப் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, பக்கம் முழுக்க ‘அ’ எழுது என்கிறோம். சுழி, வளைவு, கிடைக்கோடு, நிமிர்கோடு நாலும் சேர்ந்து வருகிற எழுத்து அது. பெரியாட்களுக்குக் கை பழகிவிட்டதால் அந்தக் கஷ்டம் தெரிவதில்லை.

மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே 10, 12 வயதாகலாம். ஆகவே 3 வயதில் பிள்ளை பென்சிலைப் பொத்திப் பிடித்தால் பதற வேண்டாம். ஏறக்குறைய 3 வயதில் வட்டம், 4 இல் கூட்டல் அடையாளம், நாலரையில் சதுரம், 5 இல் முக்கோணம் பார்த்து வரைய வரும். சில மாதங்கள் முன்பின் ஆகலாம். கூட்டல் அடையாளம் வராத பிள்ளைக்கு எழுத்துக் கொப்பி வீண் செலவு.

அதுவரை விரலுக்கு வேலை கொடுங்கள். முருங்கையிலை ஆயவிடுங்கள். காயப்போட்ட உடுப்புக்குக் கிளிப் போடவிடுங்கள். கச்சான் உடைப்பது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நல்ல பயிற்சி, ஆனால் முழுப் பருப்பை வாயில் போட்டால் புரைக்கேறும். பக்கத்தில் ஒராள் இருக்க வேண்டும். குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. பிசைந்து விளையாட 1 கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை உப்பு, 1 தேக்கரண்டி தேங்காயெண்ணெய் எடுத்து, அரைக் கோப்பைத் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாய் விடுங்கள். ஒரேயடியாய் ஊற்றினால் கையில் ஒட்டும், பிள்ளை அருவருத்து விட்டுவிடும். மூடிய பேணியில் வைத்தால் சில நாள் பாவிக்கலாம்.

வன்னி வெயிலுக்குப் பொருத்தமான ஒன்று உண்டு. பழைய பெயின்ற் பிரஷும் வாளியில் கொஞ்சத் தண்ணீரும் கொடுத்துச் சீமெந்துச் சுவரில் கோடு இழுக்கவிடுங்கள். எழுதியது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், திரும்ப எழுதலாம். நிமிர்ந்த சுவரில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் வளையும், பென்சில் பிடிக்க வேண்டிய நிலையும் அதுதான். மாரியில் விறாந்தைக்கு வந்துவிடுங்கள்: ஒரு தட்டில் அரை விரற்கடை உயரத்துக்கு மணல். அதற்கு மேல் போட்டால் கோடு சரிந்து மூடிப்போகும்.

எழுத்து என்று தொடங்கும்போது முதலில் ‘ட’. கீழே, பக்கத்துக்கு, இரண்டே கோடு. அதோடு மேலே ஒரு கோடு ஏற்றினால் ‘ப’. கையை எடுக்காமல் உள்ளே வளைத்துக் கீழே இறக்கினால் ‘ம’. இந்த மூன்றோடு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் எழுதலாம். பட்டம் என்று தானே எழுதி வாசிக்கிற பிள்ளையை ‘ஔ’ வரை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. சுழி எழுத்துகளுக்கு முன் வட்டமும் நத்தைச் சுழியும் பெரிதாய், கை முழுவதையும் அசைத்து வரையட்டும்.

கடையில் விற்கிற புள்ளிக் கோட்டுப் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தொல்லை உண்டு. பிள்ளை புள்ளிகளைச் சேர்க்கும், எழுத்தை எழுதாது. ‘ப’ வைக் கீழிருந்து தொடங்கினாலும் புள்ளி நிரம்பிவிடும், நாமும் சரி போட்டுவிடுவோம். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். கையைப் பிடித்து எழுதுவிப்பதும் நாளாந்தம் வேண்டாம். உங்கள் கைதான் எழுதும், பிள்ளையின் கை சும்மா கூட வரும். பக்கத்தில் நீங்கள் எழுதிக் காட்டி, “கீழே, பக்கத்துக்கு, மேலே” என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

கிரேயோனை 3 சென்ரிமீற்றர் துண்டாக உடைத்துக் கொடுத்தால் பொத்திப் பிடிக்க இடம் இருக்காது, விரல் நுனி தானாக வரும். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கோடு முட்டிக்கொண்டு தெரிந்தால் பிள்ளை அளவுக்கு மீறி அழுத்துகிறது, கை கெதியில் நோகும். 2பி பென்சில் மெத்தையானது, அதைக் கொடுங்கள். கதிரையில் கால் தொங்கினால் கீழே ஒரு பலகை வையுங்கள். எழுத 10 நிமிடம் போதும்.

இடக்கையால் எழுதுகிற பிள்ளையை மாற்றச் சொல்லி அம்மம்மா நிற்பா. மாற்ற வேண்டாம். தாளின் மேற்பக்கத்தை வலப்பக்கமாய்ச் சரித்து வைத்து, பென்சிலை நுனியிலிருந்து 3 சென்ரிமீற்றர் மேலே பிடிக்கப் பழக்கினால் எழுதியது கண்ணுக்குத் தெரியும்.

இலங்கையில் முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31 இல் 5 வயது நிறைந்திருந்தால் போதும். எழுத்து முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. 5 வயதாகியும் வட்டமோ கூட்டல் அடையாளமோ வராவிட்டால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். பெயர் எழுதவில்லையே என்று மட்டும் கவலைப்படாதீர்கள். ‘ஜ’, ‘ஷ’, ‘ஸ்’ எல்லாம் போட்டுப் பெயர் வைத்தது நாங்கள்தானே.